பாதுகாப்பாக ரயிலைத் தவறவிடும் முறை

தென்காசி பன்னீர்மரத் தெருவில் திருட்டு நடந்ததே இல்லை. தெருப் பாதுகாப்புக் கழகத்துக்கு இது ஒரு தீராத குறையாக இருந்துவந்தது.

கழகம் தோன்றிய வரலாற்றை முதலில் சொல்லிவிடுவது முறை. ஓர் ஐப்பசி மாதத்தில் வல்லிநாயகம் வீட்டுப் பித்தளைச் செம்பு காணாமல் போயிற்று. அன்று சாயங்காலமே தெருவினர் கூடிக் கழகம் அமைத்து, செம்பைப் பறிகொடுத்தவரையே தலைவராக்கினார்கள். சித்திரையில் அவர் வீட்டுக் கிணற்றைத் தூர்வாரியபோது செம்பு சகதியோடு மேலே வந்தது. கழகத்தைக் கலைத்துவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். அதற்குள் ரப்பர் முத்திரை செய்தாகிவிட்டபடியால் கலைக்க முடியவில்லை.

வல்லிநாயகம் ஓய்வுபெற்ற ஜெயிலர். செயலாளர் பிச்சுமணி கல்யாணங்களுக்கும் கோயில் கொடைகளுக்கும் மைக் செட்டு வாடகைக்கு விடுபவர். ஆகவே கழகத்தின் உத்தரவு எதுவாயினும் மைக்கில் சொன்னால்தான் செல்லும், மைக்கில் சொன்னால்தான் ரத்தாகும் என்று முதல் கூட்டத்திலேயே விதி செய்துகொண்டார்கள். காவற்படைத் தளபதி நாறும்பூநாதன். தெருவில் பாதி வீடுகள் அவருடையவை. தவிரவும், அவரிடம் டார்ச் லைட் இருந்தது.

தினந்தோறும் விளக்கு வைத்ததும் தெருமுனைக் கம்பத்திலிருந்து பிச்சுமணியின் குரல் வரும்: "பன்னீர்மரத் தெருப் பாதுகாப்புக் கழகம். இன்று அசம்பாவிதம் எதுவும் இல்லை." அந்தக் குரலில் சிறிது ஏமாற்றம் இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் இந்தக் குறை தீர்ந்தது. மரக்கடையில் தடி அளக்கும் சிவனணைந்தபெருமாளின் மகள் முத்துவடிவுக்குத் திருநெல்வேலியில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. பெண்கள் விடுதியில் அந்த வருஷம் இடம் நிரம்பிவிட்டது. விடியுமுன் தென்காசிக்கு வரும் பாசஞ்சரில் ஏறிப் போய், விளக்கு வைத்தபின் திரும்பி வருவதென்று வீட்டில் முடிவு செய்தார்கள். கழகம் அவசரக் கூட்டம் போட்டது.

"ஒரு பெண்பிள்ளை விடியுமுன் நம் தெருவை விட்டு வெளியேறுகிறது," என்று தலைவர் மைக்கில் தொடங்கினார். "இருட்டியபின் திரும்புகிறது. இடைப்பட்ட நேரத்தில் அது எங்கே இருக்கிறது?"

"காலேஜுல அண்ணாச்சி," என்றார் சிவனணைந்தபெருமாள்.

"அது கழகத்துக்கு எப்படித் தெரியும்?"

சிவனணைந்தபெருமாள் யோசித்தார். கழகத்துக்கு அது தெரிய வழியில்லைதான்.

"என் சர்வீஸ்ல நான் கண்ட உண்மை ஒண்ணு உண்டும்வே," என்று தலைவர் எழுத்துத் தமிழைக் கைவிட்டுச் சொன்னார். "உள்ள இருக்கவனுக்கு வெளியில ஒரு ஆபத்தும் வந்தது கிடையாது. திறந்து விட்டாத்தான் பிரச்சினை. ஆனா காலம் மாறிப்போச்சு. படிக்க வேண்டாம்னு கழகம் சொல்லாது. பத்திரமாப் படிக்கட்டும்."

கைதட்டினார்கள். முத்துவடிவு காவலோடுதான் போய்வர வேண்டும், காவல் இல்லாத நாளில் புறப்பாடு இல்லை என்று தீர்மானம் நிறைவேறியது. மீறினால் என்ன என்பதைத் தளபதி நாறும்பூநாதன் கூட்டம் கலையும்போது தனியாகச் சொன்னார். "உமக்கு வேற நல்ல வீடாக் கிடைக்கும். இலஞ்சிப் பக்கம் நிறைய காலியா இருக்காம்."

சிவனணைந்தபெருமாள் குடியிருந்தது நாறும்பூநாதன் வீட்டில்.

மறுநாளிலிருந்து புறப்பாடு தொடங்கியது. முறை பின்வருமாறு. முதலில் முத்துவடிவு தெருமுனைக் கம்பத்தடியில் வந்து நிற்பாள். பிச்சுமணி விசில் ஊதுவார். விசில் சத்தத்தில் தளபதி கண் விழிப்பார். அவர் பல் தேய்த்து, காப்பி குடித்து, அந்தக் காப்பியின் விளைவுக்காகக் காத்திருந்து, அதையும் முடித்துக்கொண்டு டார்ச்சோடு வருவார். பிறகு முத்துவடிவு, "படிக்கப் போகிறேன், வேறெங்கும் போகவில்லை" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். பிச்சுமணி முன்காவல், தளபதி பின்காவல். சப்பரம் இல்லாததுதான் குறை.

ஸ்டேஷனுக்கு நேர்வழியில் போனால் வெற்றிலை போட்டு மென்று முடிக்குமுன் போய்விடலாம். அந்த வழியில் அப்துல் ஜப்பாரின் டீக்கடை இருந்தது. கடையில் ஆண்கள் இருந்தார்கள். ஆகவே கோயிலைச் சுற்றி, ரத வீதிகள் நான்கையும் வளைத்துப் போகும் பாதுகாப்பு வழியைத் தலைவரே நடந்து பார்த்து வகுத்துத் தந்திருந்தார். அந்த வழியாக ஸ்டேஷனை அடையும்போது பாசஞ்சரின் கடைசிப் பெட்டி கண்ணுக்கு நன்றாகத் தெரியும். சில நாள் தளபதிக்குக் காப்பி சீக்கிரம் வேலை செய்துவிடும். அன்று முத்துவடிவு ரயில் ஏறுவாள்.

ரயில் தவறிய நாள்களில் பிச்சுமணியின் அறிக்கையில் புதுத்தெம்பு இருக்கும். "மருத்துவ மாணவி இன்றும் பத்திரமாக வீட்டிலேயே இருக்கிறார். கழகத்தின் பணிக்கு இது சான்று."

"ஒருநாள் முன்னக்கூட்டியே எழுந்திருச்சா என்ன மாமா?" என்று முத்துவடிவு தளபதியிடம் கேட்டாள்.

"சீக்கிரம் கிளம்பினா இருட்டு சாஸ்தி இருக்கும்ளா. ஆபத்தில்லையா?"

"அப்பம் லேட்டாப் போனா?"

"ரயில் போயிரும்."

"அப்பம் என்னதான் செய்ய?"

"அதைத்தான் கழகம் ஆலோசிக்குது."

இதற்கிடையில் முதல் வருஷத்துப் பிள்ளைகள் எலும்பு வைத்துப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முந்தின வருஷத்து மாணவர் ஒருவரிடமிருந்து ஒரு மண்டையோடும், கை கால் எலும்புகளும் வாங்கி, காக்கித் துணிப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள் முத்துவடிவு. மறுநாள் காலையில் பை சற்றுப் பருத்திருப்பதைத் தளபதி கவனித்தார். கழக விதிப்படி சோதனை செய்யக் கையை உள்ளே விட்டார். கையில் வந்ததை வெளியே எடுத்து, அதன் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். அடுத்த நிமிஷம் பின்காவல் முன்காவலைக் கடந்து வெகுதூரம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றும் ரயில் தவறியது. கூட்டம் கூடியது. மண்டையோட்டை நாற்காலியில் ஒரு துண்டு விரித்து வைத்தார்கள்.

"இது யாரு?" என்றார் தலைவர்.

"மண்டையோடு மாமா."

"அது தெரியுது. ஆளு யாருன்னு கேக்கேன்."

"அது எங்களுக்கும் தெரியாது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளை. புருவத்து மேட்டைப் பாத்தாத் தெரியும்."

"எந்த ஊரு?"

"தெரியாது மாமா."

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார். "என்ன ஆளுக?"

"அதைக் கண்டுபிடிக்கிறதுக்கு உடம்புல எலும்பே கிடையாதாம். வாத்தியார் சொன்னாரு."

"அப்படின்னா அந்தப் படிப்பு இன்னும் பூர்த்தியாகலை," என்றார் தலைவர் வருத்தத்துடன்.

தீர்மானம் மைக்கில் வாசிக்கப்பட்டது. பன்னீர்மரத் தெருவில் ஊர் பேர் தெரியாத வெளியூர் ஆண் நபர் ஒருவர் தங்கியிருக்கிறார். மேற்படியார் கல்யாணமாகாத பெண்ணோடு தனியே பிரயாணம் செய்வது கூடாது. கழகத்தைச் சேர்ந்த ஒருவர் மேற்படியாரைப் பையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதைத் தலைவரே எழுதினார். மேற்படியாரைத் தூக்கத் தளபதி மறுத்துவிட்டார். பிச்சுமணிக்குத் திடீரென்று தோள்வலி வந்தது. எலும்புப் பாடம் இருந்த நாள்களில் எல்லாம் புறப்பாடு நின்றது.

மறுவருஷம் ஆனியில் உடற்கூறு வாத்தியார் முத்துவடிவைக் கூப்பிட்டார். இனி ஒரு நாள் வராவிட்டாலும் பரீட்சைக்கு உட்கார விடமுடியாது என்று சொல்லிவிட்டார். அவர் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. விதி அப்படி. அவருக்கும் ஒரு கல்லூரி இருந்தது.

பரீட்சை போனால் ஒரு வருஷம் போகும். வருஷம் போனால் இலஞ்சியில் இருக்கும் தாய்மாமன், 'படிச்சது போதும்' என்று மறுநாளே தாம்பாளத்தோடு வந்துவிடுவார். அவருக்குச் சிவனணைந்தபெருமாள் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார். படிப்பில் தவறினால் உன் மகனுக்கு, தவறாவிட்டால் பேசக்கூடாது. முத்துவடிவின் தாயார் சொக்கம்மாள் அரிசி களையும்போது தண்ணீரை வழக்கத்தைவிட ஓங்கி ஊற்றினாள்.

அந்த வாரம் பார்த்துச் சாரல் விழுந்தது. அருவியில் நல்ல தண்ணீர். தலைவர், செயலாளர், தளபதி மூவரும் கூட்ட நெரிசலில் பாதுகாப்பு முறைகளை ஆராய்வதற்காகக் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்கிவிட்டார்கள். ஆராய்ச்சி காலையும் மாலையும் அருவியில் நடந்தது. காவல் இல்லை, புறப்பாடும் இல்லை. நல்லவேளையாக அந்த வாரம் கல்லூரியில் விடுமுறை. திங்கட்கிழமை திறக்கிறார்கள்.

சனிக்கிழமை சிவனணைந்தபெருமாள் பஸ் ஏறிக் குற்றாலத்துக்குப் போனார். பேரருவிக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் தலைவர் குப்புறப் படுத்திருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய். மேலே ஓர் ஆள் இரண்டு கைகளாலும் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான். தலைவரின் சொற்கள் அந்தத் தட்டுக்கு இடையில் சந்து பார்த்துத்தான் வெளிவர வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, நாளன்னைக்குப் பிள்ளை போயே ஆகணும். நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீ... நீரா? நீரு தகப்... தகப்பன்லா!"

"ஆமா."

"தகப்பனுக்குப் பா... பாசம் இருக்கும்வே. பாசம் இருக்கவன் காவ... காவல்காரன் ஆகமுடியாது. என் சர்வீஸ்ல எந்தத் தகப்பனையாவது உள்ள விட்டிருக்கேனா? தட்டுலே, நல்லாத் தட்டு."

சிவனணைந்தபெருமாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பாறையில் வழிந்த எண்ணெயில் கால் வழுக்காமல் நின்று யோசித்தார். "அப்பம் நானும் கழகத்துல சேந்துட்டா?"

தலைவர் தலையைத் தூக்கினார். இத்தனை வருஷத்தில் யாரும் தானாக வந்து சேர்ந்ததில்லை. "சேந்தா நீரு தகப்பன் இல்லை. காவல். ஆனா உம்ம மகளுக்கு நீரு போகப்படாது. தெருமுனையில நில்லும். வெளியூர்க்காரன் எவனாவது வந்து, நம்ம தெருவுப் பொண்ணைப் பத்தி விசாரிச்சான்னா யாரு எவருன்னு பாக்காதேயும். பிடிச்சுக் கம்பத்துல கட்டும். நானே நேர்ல வந்து விடச் சொன்னாலும் விடாதேயும்!"

"நீங்க சொன்னாக்கூடவா?"

"மைக்ல சொன்னாத்தான் விடணும். விதின்னா விதி."

பிச்சுமணி ஈரத் துண்டோடு வந்து, சிவப்புக் கைப்பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆராய்ச்சி முடிந்து அன்று ராத்திரியே ஊர் திரும்புவதாகவும், நாறும்பூநாதனுக்கு ஜலதோஷம் பிடித்திருப்பதால் திங்கட்கிழமைக் காவல் சந்தேகம் என்றும் சொன்னார்.

சிவனணைந்தபெருமாள் கைப்பட்டையை மடித்துக்கொண்டு கடைப் பக்கம் வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் பட்டுக்கரை வேஷ்டி கட்டிய ஒருவர் தலையைத் துவட்டிக்கொண்டே, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். பன்னீர்மரத் தெரு என்றதும் நெருங்கி உட்கார்ந்தார்.

"அங்கன வல்லிநாயகம்னு ஒரு ஜெயிலர் இருக்காரே. மக இராமலட்சுமி எப்படி?"

"தங்கமான பிள்ளை," என்றார் சிவனணைந்தபெருமாள். அது உண்மை.

"நான் கீழப்பாவூர் ஆவுடையப்பன். ஜாதகம் தரகர் மூலமாப் போயிருக்கு, பொருந்தியிருக்கு. ஆனா எங்க வீட்டுல ஒரு வழக்கம். சொல்லாம கொள்ளாம அந்தத் தெருவுக்கே போயி, ஊரு பேரு காட்டாம விசாரிக்கணும். அப்பத்தான் நிஜம் வரும். நாளைக்குக் காலையில வாரேன். யார்கிட்டயும் மூச்சு விட்டிராதேயும்."

"விடமாட்டேன் அண்ணாச்சி."

"சத்தியமா?"

"சத்தியமா."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார். தலைவருக்கு ஒரு சொல் சொல்லி எச்சரிக்கலாமா என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

"ஏங்க, சத்தியம் பண்ணியிருக்கீயளா இல்லையா?" என்றாள் சொக்கம்மாள்.

"பண்ணியிருக்கேன்."

"அப்பம் சொல்லாதீய. மனுசனுக்கு வாக்கு முக்கியம்."

"நாளைக்கு எனக்குத் தெருமுனையிலல்லா டூட்டி."

"போட்டா பாக்கணும். அதுவும் முக்கியந்தான்." சொக்கம்மாள் சிவப்புக் கைப்பட்டையை வாங்கித் துவைத்து, கஞ்சி போட்டு, அடுப்புப் பக்கம் காயப் போட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்று அவள் அரிசியை நிதானமாகக் களைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆவுடையப்பன் தெருமுனையில் வந்து இறங்கினார். தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண்ணை நிறுத்தி, "தாயி, இந்தத் தெருவுல இராமலட்சுமின்னு ஒரு பொண்ணு..." என்று தொடங்கினார்.

சிவனணைந்தபெருமாள் விசில் ஊதினார்.

ஆண்டுக்கணக்காக ஒருவரையும் பிடிக்காத கழகம் அது. பிச்சுமணி சவரம் பாதியில் ஓடிவந்தார். ஜலதோஷம் தளபதியை விட்டு ஓடிப்போயிற்று. ஆவுடையப்பனை அவருடைய அங்கவஸ்திரத்தாலேயே கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டியவர் சிவனணைந்தபெருமாள். மலைத் தடிகளை வண்டியில் ஏற்றிக் கட்டும் முடிச்சைப் போட்டார். ஒரு சுற்றுக்கு ஒரு ரயில் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். துணி போதவில்லை.

"யாருவே நீ? சொல்லு," என்றார் தளபதி.

"சொல்லமாட்டேன்," என்றார் ஆவுடையப்பன். பெண் விசாரிக்க வந்தவர் ஊர் பேர் சொல்லிவிட்டால், அவர்கள் குடும்பத்தில் அது விசாரணையே ஆகாது. அப்போதுதான் முடிச்சுப் போடுகிறவரின் முகத்தைப் பார்த்தார். "ஏ, நீரு குத்தாலத்துல..."

சிவனணைந்தபெருமாள் அவர் காதோரம் குனிந்தார். "பயப்படாதீய அண்ணாச்சி. சத்தியம் பண்ணியிருக்கேன். உயிரே போனாலும் நீங்க யாருன்னு என் வாயிலயிருந்து வராது."

பிச்சுமணி மைக்கைப் போட்டார். "தெருப் பெண்களைக் குறிவைத்து வந்த ஓர் ஆசாமி பிடிபட்டான்!" தெருவே திரண்டது. தலைவர் குளித்து, ஜெயிலர் காலத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்று, மைக்கைப் பிடித்தார். பிடிபட்டவனின் முகத்தைப் பார்க்க அவருக்கு அவசியம் தோன்றவில்லை. சர்வீஸில் அவர் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை.

"பன்னீர்மரத் தெரு மக்களே! இப்போதாவது நம்புகிறீர்களா? இந்தத் தெரு பெண்பிள்ளைகள் இருக்கத் தகுந்த தெருவே அல்ல! இங்கே பிறந்த ஒவ்வொரு பெண்ணின் மேலும் நாலு திசையிலும் பத்துப் பேர் கண் வைத்திருக்கிறார்கள்! டாக்டருக்குப் படிக்கும் பெண்ணையே நாங்கள் முன்னும் பின்னும் காவல் வைத்து அனுப்புகிறோம் என்றால், மற்றப் பெண்களின் கதியை எண்ணிப் பாருங்கள்! என் வீட்டிலும் ஒரு பெண் இருக்கிறது. அதைத் தெருவில் இறங்கவிட்டு எத்தனை வருஷம் ஆகிறது! நான் ஒருவன் இல்லாவிட்டால் இந்நேரம் அதன் நிலை..."

"இராமலட்சுமியைத்தான சொல்லுதீய?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தலைவர் திரும்பினார்.

"நான் கீழப்பாவூர் ஆவுடையப்பன். என் மகன் ஜாதகம் உங்க வீட்டு மாடத்துலதான் இருக்கு."

மைக் அணைக்கப்படவில்லை. தலைவர் எச்சில் விழுங்கிய சத்தம் ரத வீதி வரை கேட்டது.

"ஏ, அவிழ்த்து விடும்வே! சீக்கிரம்!" என்றார் தலைவர்.

"மைக்ல சொல்லணும் அண்ணாச்சி," என்றார் சிவனணைந்தபெருமாள். "நீங்க நேர்ல சொன்னாலும் விடக்கூடாதுன்னு உத்தரவு."

"நாந்தானவே அந்த உத்தரவு போட்டேன்!"

"ஆமா. அதனாலதான் மீற மனசு வரலை."

தளபதி முடிச்சோடு போராடிப் பார்த்தார். அது இன்னும் இறுகியது. தலைவர் மைக்கைப் பிடித்தார். கம்பத்தில் கட்டப்பட்டிருக்கும் ஆசாமி தம்முடைய வருங்காலச் சம்பந்தி என்றும், கண்ணியமான குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும், அவரை அவிழ்க்கலாம் என்றும் தெருவுக்கு அறிவித்தார். குழந்தைகள் கைதட்டின.

ஆவுடையப்பன் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தலைவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்னைக் கட்டினது போகட்டும். தெரியாமச் செஞ்சது. ஆனா பொண்ணுக இருக்க லாயக்கில்லாத தெருன்னு நீங்களே மைக்ல சொன்னீய. அந்தத் தெருவுல வளந்த பொண்ணை நான் எப்படி எடுக்க?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னது சம்பந்தி! இங்க ஈ எறும்பு வராது!"

"எதை நம்ப? முதல்ல சொன்னதையா, இப்பம் சொல்லுததையா?" ஆவுடையப்பன் செருப்பை மாட்டினார். "ராத்திரி மேலகரத்துல எங்க அக்கா வீட்டுல தங்குதேன். நாளைக் காலையில ஜப்பார் டீக்கடையில உக்காந்திருப்பேன். அந்த டாக்டர் பிள்ளை ஒரு துணையில்லாம, தனியா நடந்து வந்து ரயில் ஏறட்டும். ஏறினா மேல பேசுவோம். இல்லைன்னா ஜாதகத்தைக் குடுத்து விட்டிருங்க."

திங்கட்கிழமை விடியுமுன் கழகம் முழுவதும் முத்துவடிவு வீட்டு வாசலில் இருந்தது. காப்பி குடிக்காமலே தளபதி வந்திருந்தார். உள்ளே முத்துவடிவு உடுத்தி, பின்னிப் பூ வைத்து, மர முக்காலியில் உட்கார்ந்து டம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, கிளம்பலையா?" என்றார் தலைவர்.

"தனியாப் போகப் பயமா இருக்கு மாமா."

"என்னம்மா பயம்? நேர்வழியா நடந்தா நாலு எட்டு!"

"நேத்து மைக்ல நீங்கதான சொன்னீய, நாலு திசையிலயும் பத்துப் பேர் கண்ணு வச்சிருக்கான்னு. அதிலயிருந்து எனக்குப் படபடன்னு வருது." அவள் காப்பியை ஒரு மிடறு குடித்தாள். "நீங்க பெரியவங்க. பொய்யா சொல்லியிருப்பீய?"

கதவுக்குப் பின்னால் சொக்கம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். அன்று ரயில் தவறினால் பரீட்சை இல்லை. இலஞ்சித் தாம்பாளம் தயாராக இருந்தது. மகள் ஆற்றுவது எப்போதோ ஆறிப்போன காப்பி என்பது கதவிடுக்கு வழியாக அவளுக்குத் தெரிந்தது. வாசலில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்றார் தலைவர்.

"உத்தரவு போட்ட மாதிரியே மைக்ல ரத்து செய்யுங்க மாமா. எனக்கும் தைரியம் வரும்."

செங்கோட்டைப் பக்கமிருந்து எஞ்சின் ஊதல் மெல்லக் கேட்டது. தலைவர் கம்பத்துக்கு ஓடினார். பன்னீர்மரத் தெரு அன்று எழுந்ததே அவர் குரலில்தான்.

"இந்தத் தெருவில் திருட்டு நடந்ததே இல்லை! ஆபத்து இருந்ததே இல்லை! யாரும் யார்மேலும் கண் வைக்கவில்லை!"

"செம்பு?" என்றாள் வாசலுக்கு வந்துவிட்ட முத்துவடிவு.

"செம்பு என் கிணற்றில்தான் கிடந்தது! எடுத்தவன் யாரும் இல்லை!"

"டீக்கடை?"

"ஜப்பார் கடையில் டீ குடிப்பவர்கள் அனைவரும் உத்தமர்கள்! பெண்கள் இனி எந்த நேரத்திலும், எந்த வழியிலும், தனியாகப் போகலாம், வரலாம்! காவல் தீர்மானம் ரத்து!"

"நாறும்பூ மாமாவும் ஒரு வார்த்தை சொல்லணும். எங்க வீட்டைப் பத்தி."

தலைவர் மைக்கைத் தளபதியின் வாயில் திணித்தார். "காலி பண்ணச் சொல்லமாட்டேன்," என்றது மைக், மூக்கடைத்த குரலில். "எப்பவுமே."

முத்துவடிவு டம்ளரைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். இறங்கியவள் நின்றாள். கையில் காக்கிப் பை.

"இன்னும் என்னம்மா!" தலைவர் கிட்டத்தட்ட அழுதார்.

"காவல் தீர்மானந்தான ரத்து ஆச்சு? மேற்படியார் தீர்மானம் அப்படியே இருக்கே மாமா. கல்யாணமாகாத பொண்ணு அவரோட தனியாப் போகப்படாது. கழகத்து ஆளுதான் தூக்கணும். நீங்களே எழுதினது."

தலைவர் மைக்கைப் பார்த்தார். எஞ்சின் மறுபடி ஊதியது, இந்த முறை கிட்டத்தில். மைக்கில் பேச நேரமில்லை. தளபதி இரண்டடி பின்வாங்கினார். பிச்சுமணி தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கூட வரவும் கூடாது," என்று முத்துவடிவு ஞாபகப்படுத்தினாள். "கீழப்பாவூர்க்காரக பாத்துட்டா நான் தனியா வந்ததா ஆகாது. நீங்க நம்ம பாதுகாப்பு வழியா வந்திருங்க."

தலைவர் காக்கிப் பையை வாங்கினார். உள்ளே எலும்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அவர் ஓடத் தொடங்கினார்.

முத்துவடிவு நேர்வழியில் நடந்தாள். ஒரு வருஷமாக அவள் கால் படாத வழி அது. ஜப்பார் கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமல் காலை மட்டும் ஒதுக்கி வழிவிட்டார்கள். "பரீச்சை எப்பம்மா?" என்று கேட்டார் ஜப்பார். "வருது மாமா," என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆவுடையப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஸ்டேஷனுக்குள் போனார். அவள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

தலைவர் கீழ ரத வீதியைத் தாண்டினார். தெற்கு ரத வீதியில் ஒரு செருப்பு போயிற்று. மேல ரத வீதியில் நாய்கள் கூடச் சேர்ந்துகொண்டன. வழியை வகுத்தபோது அது இவ்வளவு நீளமானது என்று அவருக்குத் தோன்றவில்லை. அன்று அவர் ஓடவில்லை அல்லவா.

அவர் பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தபோது கார்டு பச்சைக்கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். ரயில் அசைந்தது. தலைவர் பையைத் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலோடு கூட ஓடினார்.

"வேண்டாம் மாமா," என்றாள் முத்துவடிவு. "இன்னைக்கு எங்களுக்கு எலும்புப் பாடம் கிடையாது. அவரைப் பத்திரமா வீட்டுல கொண்டு சேத்திருங்க."

கடைசிப் பெட்டி கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

ஆவுடையப்பன் சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்தார். "தனியாத்தான் வந்தா. நானே பாத்தேன். உங்க தெரு பத்திரமான தெருதான் சம்பந்தி." பிறகு மூச்சிரைக்கும் தலைவரையும், அவர் மார்போடு அணைத்திருந்த பையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா, அது என்ன?"

தலைவருக்கு மூச்சு வாங்கியது. எத்தனையோ பதில்கள் இருந்தன. அவர் வாயில் வந்தது அவரே எழுதிய வாசகம்தான். "எங்க தெருவுல... தங்கியிருக்க... வெளியூர் ஆளு."

ஆவுடையப்பனின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு ஓரடி நெருங்கி வந்தார். குரலைத் தணித்தார்.

"என்ன ஆளுக?"

தலைவர் பையின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தார். மேற்படியார் பல் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.